புள்ளிகள் ஈந்த இரு இரவுகள்

சிறு துளி பெரு வெள்ளம் என்பது ஆன்றோர் வாக்கு. அதனையே வாணிப முறையாக்கியுள்ளன இக்காலத்து ஹோட்டல் நிறுவனங்கள். தம்மிடம் தங்குவோர் கணக்கிற் புள்ளிகளை வரவு வைத்து, அவை போதியளவு சேர்ந்ததும் காசு பெறாது அறை கொடுப்பர். 1981-இல் அமெரிக்கன் எயர்லைன்ஸ் தன் விமானப் பயணிகளுக்கெனத் தொடங்கிய முறையை ஒட்டி, 1983-இல் ஹொலிடே இன் நிறுவனம் விடுதிகளிலும் இதனைப் புகுத்திற்று.

உத்தியோக நிமித்தம் பயணஞ் செய்பவரின் அறைக்கூலியைக் கந்தோர் செலுத்தினும், புள்ளிகள் தங்கியவருக்கே உரியன. மனைவி மக்களைப் பிரிந்து வேற்றூரிற் கழித்த இரவுகளின் கூலி அவை. ஆதலின் அவற்றைக் குடும்பத்தோடு செலவிடுவதே நியாயம் எனக் கருதி, சிங்கப்பூரின் காத்தோங் பகுதியிலுள்ள ஹோட்டல் இண்டிகோவில் இரு இரவுகள் தங்கினோம்.

பெருவிடுதிகளின் அறைகள் எந்நாட்டிலும் ஒன்றுபோலவே இருக்கும். இத்தகைய சிறு விடுதிகளோ, தாம் நிற்கும் தெருவின் கதையை அறைக்குள்ளேயே கூற முயல்வன. 1928-இல் எழுந்த ஜூ சியட் பொலிஸ் நிலையத்தை ஒட்டி, 2016-இல் இவ்விடுதி திறக்கப்பட்டது. பழைய கட்டிடத்தை இடியாமல் உணவகமாக்கியுள்ளனர். சீன மரபும் மலாய் மரபும் கலந்து வாழ்ந்த பெரானக்கான் மக்களின் பூவேலைப்பாடுகள் அறையை அணிசெய்கின்றன. மேன்மாடத்து நீச்சற் குளத்தருகே நின்றால், அம்மக்களின் பழைய கடைவீடுகளின் ஓட்டுக் கூரைகள் வரிசையாகத் தெரியும்.

முன்னாளில் கடல் இவ்வீதிக்கு மிக அண்மையில் இருந்தது. 1966-இல் தொடங்கிய நிலமீட்பு வேலை அதனைத் தொலைவுக்குத் தள்ளிவிட்டது. அலையடித்த இடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. 2024-இல் மரீன் பரேட் நிலக்கீழ்ப் புகையிரத நிலையமும் அங்கே திறக்கப்பட்டது. அவ்வூரின் லக்ஸாவும் புகழ் பெற்றது. தேங்காய்ப்பாற் குழம்பில் இடியப்பம் போன்ற இழைகளைச் சிறிதாக நறுக்கியிடுவதால், கரண்டி ஒன்றே போதும்.

எனினும், நம்மவர் நெஞ்சைத் தொடுவது சற்றுத் தூரம் நடந்தால் வரும் சிலோன் ரோட். அங்கே கோபுரம் உயர்த்தி நிற்கின்றது ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயம். செண்பக மரத்தடியில் ஓலைக் கொட்டிலாக 1850-களில் தொடங்கியதென்பது கோயில் வரலாறு. புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறிய நம் முன்னோர் இவ்விநாயகரைப் பேணி வளர்த்தனர். சிங்கப்பூர் இலங்கைத் தமிழர் சங்கமே ஆலயத்தைப் பரிபாலிக்கின்றது. காலைப் பூசையின் மணியோசை கேட்டதும், “நல்லூரிற் கேட்பது போலல்லவா இருக்கிறது, அப்பா!” என்றாள் மகள்.

புள்ளி சேர்ப்போர் இரண்டை நினைவிற் கொள்ளல் வேண்டும். விடுமுறைக் காலத்தில் அறையின் விலையோடு கேட்கும் புள்ளிகளும் ஏறும். ஆகையால் இரண்டையும் ஒப்பிட்டு, காசு மலிவாயின் காசையே கொடுக்கலாம். மேலும், இந்நிறுவனத்தின் சாதாரண உறுப்பினரின் கணக்கில் 12 மாதம் வரவோ செலவோ இல்லையேல் புள்ளிகள் அற்றுப்போகும். வங்கியிலிட்ட பணம் வட்டியோடு வளரும். புள்ளியோ வைத்திருக்க வைத்திருக்கத் தேயும். பிள்ளைகள் நம்மோடு கூடிவரும் பருவத்திலேயே அதனைச் செலவிடுதல் நன்று.