கோட்டையாகிப் போன கோயில்

திருகோணமலைக்குச் செல்லும் அன்பர்கள் பிரெட்றிக் கோட்டையின் வாயிலில் அதிக நேரம் நிற்பதில்லை. உள்ளே மேயும் மான்களைப் பார்த்து, மலையுச்சியில் கோணேசரைத் தரிசித்து, இராவணன் வெட்டில் நின்று கடலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நானோ பழைய கோணேசர் கோயிலை அந்த வாயிலில்தான் தேடத் தொடங்குவேன்.

அங்குள்ள ஒரு கல்லில் இரட்டைக் கயல் பொறிக்கப்பட்டிருக்கிறது; சிதைந்த தமிழ் எழுத்துகளும் உள்ளன. கயல் பாண்டியரின் இலச்சினை. ஐரோப்பியர் கட்டிய கோட்டையில் அதற்கென்ன வேலை?

போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோயிலை இடித்து, அதன் கற்களைக்கொண்டு 1624 அளவில் இங்கே கோட்டை எழுப்பினான். 1639இல் அதனை ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1665இல் புதிதாகக் கட்டினர். 1795இல் பிரித்தானியர் வசமாகிய கோட்டை, 1803இல் யோர்க் கோமகன் பிரெட்றிக்கின் பெயரைப் பெற்றது. பெயரும் உடைமையாளரும் மாறினாலும் கயல் மாத்திரம் அழியவில்லை.

அழிவதற்கு முன் கோயில் எப்படி இருந்தது? 17ஆம் நூற்றாண்டில் இலங்கை வரலாற்றை எழுதிய போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ், மூன்று கோயில்களைக் குறிப்பிடுகிறார். மலை ஏறத் தொடங்குமிடத்தில் ஒன்று, நடுவே மற்றொன்று, கடலை நோக்கிய உச்சியில் தலைமைக் கோயில். கோட்டை வாயிலிலிருந்து மேலே நடப்பவர் இக்குறிப்பை நினைவிற் கொண்டால், தாம் செல்வது வெறும் இராணுவ முகாமின் பாதையன்று, மலை முழுவதும் பரந்திருந்த ஒரு திருத்தலத்தின் வீதி என்பதை உணர்வார்.

ஸ்கொட்லாந்தில் நெஸ் ஏரிக்கரையிலும் ஓர் இடிந்த கோட்டை உண்டு. அர்க்கர்ட் என்னும் அதனை, 1692இல் வெளியேறிய காவற்படையே வெடிவைத்துத் தகர்த்தது. ஆயினும் எஞ்சிய சுவர்கள் இருந்த இடத்திலேயே நிற்பதால், பழைய தோற்றத்தை மனக்கண்ணில் எழுப்புதல் எளிது. கோணேசர் கோயிலின் நிலை வேறு. அதன் உறுப்புகள் திசைக்கொன்றாய்ச் சிதறின. சில கற்கள் மதிலேறின. சில கடலுள் வீழ்ந்தன. 1950இல் நகரில் கிணறு வெட்டியவர்கள் புதையுண்டிருந்த செப்புத் திருமேனிகளைக் கண்டெடுத்தனர். 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலில் சுழியோடி, செதுக்கிய கற்களையும் தூண்களையும் கண்டனர். 1963இல் இன்றைய கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது.

கிணற்றிலிருந்து வந்த திருமேனிகளுக்குப் பூசை நடக்கிறது. கடலடிக் கற்களைப் பற்றி நூல்கள் உள்ளன. கோட்டைக் கற்களை மட்டும் நாம் கடந்து போய்விடுகிறோம். செதுக்கு வேலையுள்ள ஒவ்வொரு கல்லையும் அளந்து, படமெடுத்து, ஆவணமாக்குதல் வேண்டும். உப்புக்காற்று எழுத்துகளுக்காகக் காத்திருப்பதில்லை. அடுத்த முறை செல்பவர்கள் மான்களைக் காட்டுமுன் அந்தக் கயலைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.