வேனுக்குள் வீட்டு மின்சாரம்

கொழும்பிலிருந்து காத்தான்குடிக்கு இரவில் வேனேறும் சகோதரிகளே! குருநாகல், தம்புள்ளை தாண்டி ஹபரணையில் திரும்பினால் மின்னேரியாக் காடு. யானைகள் வீதியைக் கடக்கும் இடம். அப்பால் பொலன்னறுவை, மன்னம்பிட்டிப் பாலம், ஓட்டமாவடி. வழியில் பிள்ளைக்கு மூச்சிரைத்தால் நெபுலைசர் பிடிக்க வேண்டுமே என்று இன்வேர்ட்டர் கொண்டு செல்வோர் உண்டு. நல்லதுதான், ஆனால் அளவறிந்து பாவியுங்கள்.

பற்றரியின் 12 வோல்ட்டை வீட்டு மின்சாரம் போல 230 வோல்ட்டாக மாற்றுவதே இதன் வேலை. சிகரட் லைட்டர் துளையின் பியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 அம்பியர்தான். 120 முதல் 180 வாட்டுக்கு மேல் அது தாங்காது. நெபுலைசரில் எழுதியுள்ள வாட் அளவைப் பாருங்கள். புறப்படுமுன் வாசலிலேயே இயக்கிப் பாருங்கள். 1500 வாட் கேத்தலுக்கோ 125 அம்பியருக்கு மேல் வேண்டும். பால்மாவுக்குச் சுடுநீரைப் பிளாஸ்கில் எடுத்துச் செல்லுங்கள்.

இன்வேர்ட்டர் சூடாகும்; தலையணை, துணிகளால் மூடாதீர்கள். 230 வோல்ட் உயிரைப் பறிக்கும். சிறுவர் கையோ ஈரக் கையோ படக்கூடாது. எஞ்சின் நின்றிருக்கையில் பாவித்தால் பற்றரி இறங்கி, யானைக்காட்டில் வேன் ஸ்டார்ட் எடுக்காமல் நின்றுவிடும். அதற்காக மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டு மணமின்றியே கொல்லும்.

டாக்டர் தந்த இன்ஹேலரும் ஸ்பேசரும் கைப்பையில் இருக்கட்டும். அவற்றுக்கு மின்சாரம் தேவையில்லை. இரைப்பு அடங்காவிட்டால் ஊர் போய்ச் சேரும்வரை காத்திராதீர்கள். அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லுங்கள். அல்லது 1990 அம்பியூலன்ஸை அழையுங்கள்.