மலைக்கு ஒரு நதி வேண்டும்

ஓர் எண்ணைக் கொடுத்தால் போதும். கம்ப்யூட்டர் கணித விதிகளைக் கொண்டே மலையும் பள்ளத்தாக்குமாகத் திரையில் எழுப்பி விடுகிறது. 1980-ல் லோரன் கார்ப்பென்டர் என்னும் அமெரிக்கர் இத்தகைய மலைகளின் மேல் பறந்து செல்லும் சிறு படத்தைக் காட்டிப் பலரைப் பிரமிக்கச் செய்தார்.

இந்த மென்பொருள்களில் இனி என்ன வசதி சேர்க்கலாம் என்று கேட்டால், "இன்னும் பெரிய உலகம்!" என்பார்கள் பலர். நாம் கேட்பதோ ஒரு நதி.

நாமும் இப்படி மலைகள் செய்து பார்த்ததுண்டு. அழகுக்குக் குறைவில்லை. ஆனால் தண்ணீர் விட்டால், போக வழியின்றிக் குட்டை குட்டையாய்த் தேங்கி நின்றது! காரணம் இதுதான்: கென் பெர்லின் 1985-ல் வெளியிட்ட முறையில் ஒவ்வோர் இடத்தின் உயரமும் தூரத்து நிலத்தைக் கேளாமலே கணக்காகிறது. ஆகவே உலகத்தை எவ்வளவும் விரிக்கலாம். நதியோ, மேலே உள்ள நிலம் முழுவதையும் அறிந்தல்லவா ஓட வேண்டும்?

1989-ல் கென்டன் மஸ்கிரேவும் அவருடைய சகாக்களும் நீர் மண்ணை அரிப்பதையும் கணக்கில் சேர்த்தார்கள். அதற்குக் காலம் அதிகம் பிடிக்கும். பிடிக்கட்டுமே! உலகம் சிறிதானாலும் பாதகமில்லை. அதில் பிறக்கும் ஆறு கடலைச் சேரட்டும். ஆறில்லாத இடத்தில் ஊரை எங்கே வைப்பது, பாலத்தை எதற்குக் கட்டுவது?