'சமைத்துப் பார்' பட்டியலோடு மயிலாப்பூரில் ஒரு காலை!

காலை ஏழு மணிக்கெல்லாம் தெற்கு மாட வீதிக்கு வாழைப்பூ வந்துவிடுகிறது. கூடவே சேப்பங்கிழங்கு, பிஞ்சுக் கொத்தவரை, மணத்தக்காளிக் கீரை, நார் எடுக்காத வாழைத்தண்டு. கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றியிருக்கும் நான்கு மாட வீதிகளில், சமைக்கிறவர்களுக்கு என்றே அமைந்தது இந்தத் தெற்கு வீதிதான். மெட்ரோ வேலைத் தடுப்புகளைச் சுற்றி, வண்டி நிறுத்த இடம் தேடி அலைந்து, வியர்த்து வழிய வந்து சேர்ந்தாலும் 'பரவாயில்லை' என்று சொல்லவைக்கும் வீதி. பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையத்தில் இறங்கி நடந்து வருவது புத்திசாலித்தனம்.

இங்கே காய் வாங்க வருபவர்களில் ஒரு தனி ரகம் உண்டு. அவர்கள் வைத்திருக்கும் பட்டியல், எஸ்.மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' புத்தகத்திலிருந்து எடுத்தது.

1905-ல் பிறந்து, இளம் வயதிலேயே கணவரை இழந்தவர் மீனாட்சி அம்மாள். அவர் கைப்பக்குவத்தைப் புத்தகமாக எழுதச் சொல்லித் தூண்டியவர் உறவினர் கே.வி.கிருஷ்ணசாமி ஐயர். 1951-ல் புத்தகம் வந்தது. பக்கத்தில் அம்மாவோ மாமியாரோ இல்லாமல் வேற்றூரில் தனிக்குடித்தனம் தொடங்கிய பெண்களுக்கு அது பெரிய துணை. கல்யாணமாகிப் போகும் பெண்ணின் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே இந்தப் புத்தகத்தையும் வைத்து அனுப்பிய வீடுகள் ஏராளம். 1962-ல் அவர் மறைந்த பிறகும் புத்தகம் நிற்கவில்லை, ஆங்கிலத்துக்கும் போனது.

குறையும் சொல்ல வேண்டும். இது சைவச் சமையல் மட்டும். அதிலும் பிராமணக் குடும்பங்களின் அடுக்களை. தமிழ்நாட்டுச் சமையலே இதற்குள் அடக்கம் என்று நினைத்தால் கருவாட்டுக் குழம்பு கோபித்துக்கொள்ளும். பளபளப்பான படங்களை எதிர்பார்ப்பவர்களுக்கும் ஏமாற்றம்தான்.

பாட்டி காலத்துப் பிரதியை வைத்துச் சமைக்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல், அளவு. அதில் ஆழாக்கு, பலம், வீசை என்றே கணக்கு. ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. ஆனால், ஊருக்கு ஊர் படியே மாறும்! இன்றைய சமையலறைக்கு ஓர் ஆழாக்கை ஏறக்குறைய 200 மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பலம் சுமார் 35 கிராம். 40 பலம் சேர்ந்தால் ஒரு வீசை, அதாவது 1,400 கிராம். மெட்ரிக் அளவுக்கான சட்டம் 1956-ல்தான் வந்தது, புத்தகம் அதற்கு முந்தையது.

பாத்திரமும் பழசு. கோயிலைச் சுற்றியுள்ள பாத்திரக் கடைகளில் ஈயச்சொம்பு கேட்டுப் பாருங்கள், எடுத்துக் கொடுக்கும்போதே ஓர் எச்சரிக்கையும் வரும்: காலியாக அடுப்பில் வைக்கக் கூடாது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். கல்சட்டிக்கோ பொறுமை தேவை. சில நாள்கள் சூடான வடிகஞ்சியை ஊற்றி வைத்துப் பழக்காமல் அடுப்பில் ஏற்றினால் விரிசல் விடும். பழகிவிட்டால், அடுப்பை அணைத்த பிறகும் வத்தக்குழம்பு அதில் தளதளவென்று கொதிக்கும்.

இந்த வாரக் கூட்டத்தில் ஓர் இளைஞர். முப்பது வயதிருக்கும். துணிப்பைக்குள் பிரவுன் அட்டை போட்ட பழைய பிரதி. வாழைப்பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவரிடம் கடைக்கார அம்மாவே பேச்சுக் கொடுத்தார்.

"யாரு தம்பி ஆய்வாங்க? வீட்ல பொம்பளைங்க இருக்காங்களா?"

"நான்தான்க்கா."

"கள்ளன் எடுக்கத் தெரியுமா?"

தெரியவில்லை. ஒரு பூவைப் பிரித்து, நடுவில் விறைப்பாக நிற்கும் நரம்பையும், அடியில் ஒட்டியிருக்கும் கண்ணாடி மாதிரியான செதிலையும் கிள்ளிக் காட்டினார் அவர். "நறுக்கினதும் மோர்த்தண்ணியில போடு, கறுக்காது."

அந்தப் பிரதி அவருடைய அம்மாவுடையது. அம்மா இறந்து பத்து மாதங்கள். அதிலிருந்து அப்பாவுக்கு மெஸ் சாப்பாடு; பாதி தட்டிலேயே மிச்சமாகிறது. ஒருநாள் அலமாரியில் புத்தகம் அகப்பட்டது. ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள். பருப்பு உசிலிப் பக்கத்தில்: 'எண்ணெய் ஜாஸ்தி. பாதி போதும். அவருக்கு ஆகாது.' இன்னொரு பக்கத்தில்: 'தீபாவளி 84. நன்றாக வந்தது.' பத்திரிகைகளில் எழுதப்படும் எந்தச் சமையல் புத்தக விமர்சனமும் இந்தப் பென்சில் எழுத்துக்கு உறை போடக் காணாது. நாற்பது வருடம் சமைத்துப் பார்த்துச் சொன்னது ஆயிற்றே!

முதல் முறை அவர் வைத்த உசிலி அடையாகிவிட்டதாம். ஊறவைத்த பருப்பை மிளகாயோடு நைஸாக அரைத்ததுதான் காரணம். கொரகொரப்பாக அரைத்து, இட்லித் தட்டில் வேகவைத்து, நன்றாக ஆறவிட்டு, பிறகே உதிர்க்க வேண்டும். சூட்டோடு உதிர்த்தால் கட்டி தட்டும். எண்ணெய் விஷயத்தில் அவருக்குக் குழப்பம். புத்தகம் சொல்வதா, அம்மா சொல்வதா? பாதி எண்ணெயில் இரும்புச் சட்டியில் அடி பிடித்தது. நான்ஸ்டிக்கில் வந்துவிட்டது.

அப்பா என்ன சொன்னார்?

"உப்பு தூக்கல்னார். ஆனா, ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிக்கிட்டார்."

இப்போது அவரைப் படுத்துவது மிளகு ரசம். அந்தப் பக்கத்தில் அம்மா எழுதியிருப்பது ஒரே வார்த்தை: 'தப்பு.' எது தப்பு, மிளகா, புளியா, கொதியா? ஒரு விவரமும் இல்லை. அப்பாவுக்கும் தெரியவில்லை. மூன்று விதமாக வைத்துப் பார்த்தாயிற்று.

வாழைப்பூவைப் பையில் போட்டுக்கொண்டு, நூறாண்டு கடந்த டப்பா செட்டி கடை இருக்கும் கச்சேரி சாலைப் பக்கம் நடக்கிறார், நான்காவது தடவைக்கு மிளகு வாங்க.