மடியில் ஒரு புத்தகம்

கைக்குழந்தைக்கு வாசித்துக் காட்டுவதில் முதல் சில மாதங்கள் குரலுக்குத்தான் வேலை. புத்தகம் வெறும் சாக்கு. கருவின் செவி ஏறக்குறைய ஆறாம் மாதத்திலிருந்தே ஒலிகளை வாங்கத் தொடங்குகிறது. தாயின் உடலைத் தாண்டி வருவதற்குள் சொற்களின் கூர்மை மழுங்கிவிடும். தாளமும் ஏற்ற இறக்கமும் தப்பிப் போய்ச் சேரும். 1986இல் அந்தனி டிகாஸ்பர், மெலனி ஸ்பென்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் கர்ப்பிணிகள் சிலரை, கடைசி ஆறு வாரங்களில் ஒரே கதைப் பகுதியைத் தினம் இருமுறை உரக்க வாசிக்கச் செய்தார்கள். பிறந்த பின் அக்குழந்தைகள் சூப்பானைச் சப்பும் விதத்தை மாற்றி, புதிய பகுதியைவிடப் பழகிய பகுதியையே கேட்க விரும்பின. வேறொரு பெண் வாசித்தபோதும் அப்படித்தான்.

பிறந்த குழந்தைக்குத் தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 செ.மீ. வரைதான், பாலூட்டும்போது தாயின் முகம் இருக்கும் தூரம் அது. ஆகவே தொடக்கத்தில் பக்கத்தைக் காட்டுவதைவிட முகத்தைக் காட்டி வாசிப்பதே பலன் தரும். தலை நின்ற பிறகு மடியில் சாய்த்து உட்கார வைத்துக்கொள்ளலாம். ஆறு மாதத்தில் புத்தகம் நேரே வாய்க்குப் போகும். இதை வாசிப்புக்கு இடைஞ்சலாக நினைப்பவர்கள் சீக்கிரம் சோர்ந்துபோகிறார்கள். கடிப்பதும் குழந்தை புத்தகத்தை அறியும் வழிதான். அதற்காகவே முனை மழுங்கிய கெட்டி அட்டைப் புத்தகங்களும் துணிப் புத்தகங்களும் இருக்கின்றன.

தமிழில் வாசிப்பவருக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. பக்கத்தில் “குருவி மரத்தின் மேல் அமர்ந்திருந்தது” என்று இருக்கும். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. “குருவி மரத்து மேல ஒக்காந்திருந்துச்சு” என்று மாற்றிச் சொன்னால் குழந்தைக்கு அது தினம் கேட்கும் மொழி. அச்சில் உள்ளபடியே வாசித்தால் எழுத்துத் தமிழின் ஓசை காதில் விழும். வாசித்துப் பழகியவர்கள் இரண்டில் எதையும் விடுவதில்லை. ஒரு முறை உள்ளபடி வாசித்துவிட்டு, உடனே வீட்டுப் பேச்சிலும் சொல்லிவிடுவார்கள். எழுத்துத் தமிழை வாசிக்கும்போது வரும் செய்தி வாசிப்புத் தொனியைத்தான் தவிர்க்க வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு ஈடாகத் தமிழில் ஒரு வசதியும் இருக்கிறது: இரட்டைக்கிளவி. தடதட, சலசல, குடுகுடு, மினுமினு. ஏழு மாத வாக்கில் குழந்தையும் இதேபோல் தானே “பபப”, “மமம” என்று அசைகளை அடுக்கத் தொடங்கும். மம்மு, தாச்சி என்று வீட்டார் சொல்லும் சொற்களும் அதன் நாக்குக்கு ஏற்றவை. ரயில் வரும் பக்கத்தில் “தடதட” என்று சொல்லி மடியையும் ஆட்டினால், சில நாட்களில் அந்தப் பக்கம் வருமுன்பே குழந்தை உடம்பை ஆட்டத் தயாராகிவிடும்.

ஒன்பது மாதத்துக்கு மேல் குழந்தை விரல் நீட்டத் தொடங்கும். அப்போது வரியை நிறுத்திவிட்டு விரல் போன இடத்தைப் பேச வேண்டும். படத்தில் நாய்க்குப் பின்னால் மூலையில் கிடக்கும் பந்துதான் அதற்குக் கதையாக இருக்கலாம். சில நிமிடங்களில் பார்வை விலகும், முதுகு வளையும், தவழ்ந்து போய்விடும். இழுத்து உட்கார வைத்துக் கதையை முடிப்பது பெரியவர்களின் அவசரம். ஓராண்டு நெருங்கும்போது குழந்தை அதே புத்தகத்தைத் தலைகீழாகத் தூக்கி வந்து மடியில் போடும். இரண்டு மூன்று தாள்களைச் சேர்த்துப் புரட்டும். எந்தப் பக்கம் திறக்கிறதோ, அங்கிருந்தே வாசிக்க வேண்டியதுதான்.