சங்கர்லாலுக்கு வாரிசு யார்?

துப்பறியும் சங்கர்லாலை அறியாதார் நம் பெற்றோர் தலைமுறையில் அரியர். ‘கல்கண்டு’ ஆசிரியர் தமிழ்வாணன் படைத்த அந்தத் துப்பறிவாளர், தேநீர் பருகியபடியே சிந்திப்பார். சிந்தித்தபடியே குற்றவாளியை நெருங்குவார். 1977-இல் தமிழ்வாணன் மறைந்தார். படைத்தவர் மறைந்தபின் பாத்திரம் என்னாவது? உடன்கட்டை ஏறுவதா? மாலை சூட்டிய சிலையாய் நின்றுவிடுவதா? மற்றொருவர் பேனாவில் மறுவாழ்வு பெறுவதா?

இக்கேள்வியை நம்மிடம் கொணர்ந்தது ஒரு கட்டுரை ஏடு. ஆம்பூரில் ஆசிரியப் பணி ஆற்றுகிறோம். நம் மாணவர் பலரின் பெற்றோர் தோல் பதனிடும் தொழிலாளர். “துப்பறியும் கதை ஒன்று எழுதுக” என்றோம். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், படிப்பகத்துப் பழைய நூலில் சந்தித்த சங்கர்லாலைப் பாலாற்றங்கரைக்கே அழைத்து வந்துவிட்டான்! தோல் தொழிற்சாலைக் கழிவுத் தொட்டியில் இறங்கிய மூவர் மாண்டனர், பேய் அடித்ததென்றனர் ஊரார், வந்தார் சங்கர்லால். இதுவே கதை.

நாம் என் செய்தோம்? சிவப்பு மையால் குறுக்கே கோடிட்டோம். “பிறர் பாத்திரம், சொந்தமாக எழுது” என்று தீர்ப்பும் எழுதினோம்.

மறுநாள் அவன் அடக்கமாகச் சொன்னான்: “சார், அவர் பேயை நம்பமாட்டார். அதனால்தான் அவரைக் கூப்பிட்டேன்.”

பட்டம் பெற்ற நாம் வாயடைத்தோம். அமெரிக்காவில் ரெக்ஸ் ஸ்டவுட் 1975-இல் மறைந்தார். அவருடைய துப்பறிவாளர் நீரோ உல்ஃப் இனி வரமாட்டாரே என வருந்தினார் ஒரு தாய். மகன் இராபர்ட் கோல்ட்ஸ்பரோ, தாய்க்குப் பரிசாக 1978-இல் புதிய உல்ஃப் கதை ஒன்றை எழுதினார். 1986-இல் அது நூலாயிற்று; தொடரும் வளர்ந்தது. கோனன் டாயில் குடும்பத்தார் இசைவுடன் 2011-இல் ஆண்டனி ஹோரோவிட்ஸ் ஷெர்லாக் ஹோம்ஸை மீண்டும் நடக்கவைத்தார். அச்சேற்றி விற்பதாயின் உரிமையாளர் இசைவு தேவை. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அவ்வுரிமை நிலைக்கும் என்பது நம் நாட்டுச் சட்டம். வகுப்பறை ஏட்டுக்கு ஏது அத்தடை?

தொடர்கின்றவர் எல்லாரும் வாரிசு ஆவரோ? தேநீர்க் கோப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு, சிந்தனையை விட்டுவிடுவோர் உண்டு. அது வேடம். மாணவன் ஏட்டை மீண்டும் படித்தோம். அவன் எடுத்துக்கொண்டது சிந்தனையை!

அவன் காட்டிய தடயம் இது: மயிர் நீக்கச் சேர்க்கும் சோடியம் சல்பைடு கலந்த கழிவு, அமிலக் கழிவுடன் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு எழும். அழுகிய முட்டை நாற்றம்! ஆயின் அளவு மிகுந்தால் மோப்ப உணர்வே மரத்துவிடும். நாற்றம் நின்றதென்று நம்பி இறங்குவர், மீளார். “பேய்க்கு மணமில்லை, இதற்கு மணம் இருந்தது, பிறகு இல்லை” என்கிறார் அவன் சங்கர்லால். கதையின் கடைசி வரியில், “காற்றைச் சோதிக்காமல் இவர்களை இறக்கியவர் யார்?” என்றும் கேட்கிறார். எழுதியவன் பதினான்கு வயதுச் சிறுவன், தோழர்களே!

சிவப்புக் கோட்டுக்கு வருந்தினோம். வகுப்பில் கதையை உரக்கப் படித்தோம். முடிந்ததும் கடைசி வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள். “எங்கப்பாவும் நாத்தம் நின்னப்புறம்தான் இறங்குவாராம் சார். இன்னிக்கே சொல்லிடுறேன்” என்றாள்.

பிறப்பால் வருவதன்று வாரிசுரிமை, தகுதியால் வருவது. பேயென்று ஊர் சொல்லும்போது “ஏன்?” என்று கேட்பவரே சங்கர்லாலின் வாரிசு. கேட்பீர், இளைஞர்காள்!