பழங்கதையும் விதைநெல்லும்

இக்காலத்துத் திரைப்பட விளம்பரங்களைப் பார்ப்போர், படத்தின் பெயரோடு அதன் பின்னே நிற்கும் இலக்கத்தையும் தேடவேண்டியிருக்கின்றது. இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம், அதன் பின் நான்காம் பாகம். அதுவும் தீர்ந்தால், முதற் பாகத்தையே புதிய நடிகரைக் கொண்டு மீண்டும் எடுத்தல். வீடியோ விளையாட்டுகளின் நிலையும் இதுவே. "புதிதாக ஒன்றைச் சிந்திக்க இவர்களால் இயலாதா?" என்று பெரியோர் சலித்துக்கொள்கின்றனர். "எங்களுக்குப் பிடித்ததைத்தானே தருகிறார்கள்?" என்று இளையோர் விடையிறுக்கின்றனர். இவ்வழக்கில் இரு பக்கத்திலும் நியாயம் உண்டு.

பழங்கதையை மீண்டும் சொல்லுதல் குற்றமாயின், எங்கள் ஊர் முழுவதுமே குற்றவாளிக் கூண்டில் ஏறவேண்டியிருக்கும். என் அப்பாச்சி ஆண்டுதோறும் கோயில் வீதியிலே பாய் விரித்து, விடியும்வரை காத்தவராயன் கூத்துப் பார்ப்பார். காத்தான் இறுதியிலே கழுமரம் ஏறுவான் என்பதை அறியாத குழந்தையும் அச்சபையில் இராது. "தெரிஞ்ச கதையை ஏன் நித்திரை முழிச்சுப் பாக்கிறியள்?" என்று ஒருமுறை கேட்டேன். "கதை தெரியும், பிள்ளை. இந்த முறை காத்தான் எப்பிடி ஆடுறான் எண்டு பாக்க வேண்டாமோ?" என்றார். வான்மீகி சொன்ன கதையைத்தான் கம்பரும் சொன்னார். அதனாற் கம்பரைப் படியெடுத்தவர் என்று எவரும் கூறார். ஆகவே நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: சொல்பவனிடம் தனக்கென்று சொல்ல ஏதேனும் உண்டா?

ஜப்பானிய நாட்டுக் 'கொட்ஸில்லா'வின் வரலாறு இதற்கு நல்ல சான்று. 1954ஆம் ஆண்டு மார்ச் மாதம் பசிபிக் சமுத்திரத்துப் பிக்கினித் தீவிலே அமெரிக்கா ஐதரசன் குண்டைப் பரீட்சித்தது. அதன் நச்சுச் சாம்பல் ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றின் மீது பொழிந்து, அதிலிருந்த இருபத்து மூவரையும் நோயாளராக்கியது. அவர்களுள் ஒருவர் அவ்வாண்டிலேயே இறந்தார். அந்த ஆண்டு நவம்பரில் இஷிரோ ஹொண்டாவின் 'கொட்ஸில்லா' திரைக்கு வந்தது. குண்டுப் பரீட்சையால் ஆழ்கடலிலிருந்து கிளம்பிய பெருவிலங்கு தோக்கியோ நகரை மிதித்து அழிப்பதைக் கண்ட மக்கள், தமது அச்சத்தையே திரையிற் கண்டனர். அது மெய்யான துயரிலிருந்து பிறந்த புதுக் கற்பனை.

படம் வெற்றி பெறவே, அடுத்த ஆண்டிலேயே அவசரமாக இரண்டாம் பாகம் வந்தது. பின்னர் வந்த படங்களில் அவ்விலங்கு மற்றைய விலங்குகளுடன் மல்யுத்தம் புரிந்து, ஈற்றிலே குழந்தைகளின் தோழனாகவும் மாறிற்று. குழந்தைகள் மகிழ்ந்தனர்; ஆனால் பழைய அச்சம் கரைந்துபோயிற்று. கதை அத்துடன் முடிந்ததோ எனின், இல்லை. 2011ஆம் ஆண்டின் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் அணுவுலை விபத்தும் ஜப்பானை உலுக்கிய பின், 2016இல் வந்த படம் அந்த வேதனையின் நிழலைச் சுமந்து நின்றது. 2023இல் வெளியான 'கொட்ஸில்லா மைனஸ் வண்', போரிலே உயிர் துறக்க அனுப்பப்பட்டும் உயிரோடு மீண்ட விமானி ஒருவனின் குற்றவுணர்வைப் பேசிற்று. மறு ஆண்டில் காட்சி நுட்பத்துக்கான ஒஸ்கார் பரிசையும் பெற்றது. அதே பழைய விலங்குதான். சொன்னவர்களிடம் சொல்வதற்குப் பொருள் இருந்தது.

இதற்கு நேர்மாறான சான்றும் உண்டு. ஹிட்ச்கொக் 1960இல் அளித்த 'சைக்கோ' படத்தை, 1998இல் கஸ் வான் சான்ட் என்பவர் ஏறத்தாழக் காட்சிக்குக் காட்சி அப்படியே வண்ணத்தில் எடுத்தார். அதே உரையாடல், அதே கோணம். ஆயினும் மக்கள் அதனை விரும்பவில்லை. உடலை முழுதாகப் படியெடுக்கலாம். உயிரைப் படியெடுத்தல் யாருக்கு இயலும்?

வீடியோ விளையாட்டின் இயல்போ சற்று வேறு. அங்கே இரண்டாம் பாகம் முதலாவதிலும் சிறந்திருத்தல் அரிதன்று. முதல் வீட்டைக் கட்டிய மேசன் இரண்டாவது வீட்டைத் திருத்தமாகக் கட்டுவதைப் போன்றது அது. 1986இல் தொடங்கிய 'செல்டா' வரிசை, 2017இல் வந்த பாகத்திலே, ஆடுபவர் பரந்த உலகில் விரும்பிய திசையிற் செல்லும் சுதந்திரத்தைத் தந்து புத்துயிர் பெற்றது. ஆனால் அவ்வரிசையை ஆக்கிய அதே ஷிகேரு மியாமோட்டோவின் இன்னொரு அனுபவத்தையும் நாம் நினைவிற் கொள்ளவேண்டும். 1980களின் தொடக்கத்திலே, புகழ்பெற்ற சித்திரக்கதை வீரன் 'பொப்பாயை' வைத்து ஒரு விளையாட்டு ஆக்க நின்டென்டோ நிறுவனம் விரும்பிற்று. உரிமை கிடைக்கவில்லை. வேறு வழியின்றி மியாமோட்டோ தாமே ஒரு குரங்கையும், ஒரு தச்சனையும், ஒரு பெண்ணையும் கற்பனை செய்து 1981இல் 'டொன்கி கொங்' என்ற விளையாட்டைத் தந்தார். அந்தத் தச்சனே பின்னாளில் உலகமறிந்த 'மாரியோ' ஆனான். பழைய பெயர் கடனாகக் கிடைத்திருந்தால், இந்தப் புதிய பெயர் பிறந்திருக்குமோ?

தயாரிப்பாளரை மட்டும் நோவதிலும் பயனில்லை. ஹொலிவூட்டின் பெரும் படமொன்றுக்குப் பத்துக் கோடி டொலருக்கு மேலும் செலவாகின்றது. அத்தனை பணத்தை இடுபவர், மக்கள் அறிந்த பெயரை நாடுதல் இயற்கையே. அறியாத பெயரைக் கண்டால் நாமும் அனுமதிச்சீட்டு வாங்கத் தயங்குகிறோம் அல்லவா?

இத்தயக்கம் பணத்தோடு நிற்பதாயின் நான் இதனை எழுதியிரேன். சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவரை, விரும்பிய கதையொன்றை எழுதி வாசிக்கச் சொன்னேன். பெரும்பாலானோர் திரையிற் கண்ட வீரர்களுக்கே புதிய சாகசங்களை எழுதியிருந்தனர். ஒரு சிறுமி மட்டும், தன் வீட்டுக் கிணற்றில் வாழும் ஆமை கோடையிலே நீர் வற்றுவதை நாள்தோறும் அளந்து, யாரிடம் போய்ச் சொல்வது என்று கவலைப்படுவதாக எழுதியிருந்தாள். அவள் வாசித்து முடித்ததும், "இது எந்தப் படத்திலே வந்தது?" என்று பின்வரிசையில் ஒருவன் கேட்டான். வகுப்பு சிரித்தது. சிரித்தவர்களை அடக்கினேன், கதையைப் பாராட்டினேன். எனினும் அடுத்த முறை அவளும் வானிற் பறக்கும் வீரன் ஒருவனையே எழுதி வந்தாள். அந்த ஆமைக்கு இரண்டாம் பாகம் வரவேயில்லை.

எவ்வளவு பஞ்சம் வந்தாலும் எங்கள் கமக்காரர் விதைநெல்லிற் கைவைக்கமாட்டார். சென்ற போகத்து நெல்லைச் சமைத்து உண்பதிற் குறை ஏதுமில்லை; விதைநெல்லையும் சேர்த்துச் சமைத்தால் அடுத்த போகம் இல்லை. இன்று பாகம் பாகமாக வளர்ந்திருக்கும் கொட்ஸில்லாவும் மாரியோவும் ஒரு நாள் எவருமறியாத புதுப்பெயர்களே. அன்று யாரோ துணிந்து விதைத்ததைத்தான் இன்று நாம் அறுக்கிறோம்.

ஆதலாற் பெற்றோரே, பிள்ளைகள் விரும்பும் மூன்றாம் பாகத்துக்கு அவர்களை மகிழ்ச்சியோடு அழைத்துச் செல்லுங்கள். இடையிடையே, பெயர் கேள்விப்படாத படம் ஒன்றையும் குடும்பமாக இருந்து பாருங்கள். மாணவர்களே, பிடித்த வீரனை வைத்து எழுதிப் பழகுங்கள். பழகிய கையால் உங்கள் கிணற்றடியையும் எழுதுங்கள். வீட்டிலே ஒரு பிள்ளை தானே புனைந்த கதையோடு வந்து நின்றால், அது எங்கே கண்டது என்று விசாரியாது, "பிறகு என்ன நடந்தது?" என்று கேளுங்கள்.